என் ரத்தம் சீக்கிரம் உறையும்

பெருமைக்குச் சொல்லவில்லை. மீன் நறுக்கும்போது அரிவாள்மனை விரலைப் பதம் பார்த்தால், நான் துணி தேடி எடுத்து வருவதற்குள் ரத்தம் தானாக நின்றுபோயிருக்கும். இதை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் பேராசிரியர். கண்டுபிடித்தோமா, எழுதி வைத்தோமா என்று இல்லாமல், "உனக்கு ரத்தத்துக்குக்கூடக் கோபம் வருதும்மா, வெளிய வந்ததும் விறைச்சுக்கிட்டு நிக்குது" என்று லேப் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். என்னோடு ஒரே மேசையில் வேலை பார்த்த அவளும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்தது மறந்துபோயிற்று. அவள் சிரித்தது மட்டும் இன்னும் காதில் இருக்கிறது.

எழுபதுகள். தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்கு லாரி லாரியாகக் கல் போய்க்கொண்டிருந்த காலம். நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். தவளையை மல்லாத்திப் பலகையில் குத்தி, பிள்ளைகளுக்கு அறுத்துக் காட்டுகிற வேலை. அவளுக்கும் அதே வேலைதான். ஒரே நாளில் சேர்ந்தோம், ஒரே மேசை, அலமாரியில் மேல்தட்டு அவளுக்கு, கீழ்த்தட்டு எனக்கு. நான் கடற்கரைக்காரி. அப்பா கொழும்புக்குத் தோணியில் போய் வந்தவர். அவள் சாயர்புரம் பக்கத்துப் பனங்காட்டுக்காரி. அவள் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். தினமும் பஸ்ஸில் வந்து போவாள். அந்த பஸ்ஸில் கருவாட்டுக் கூடையும் கோழியும் மனுசரும் ஒன்றாக நசுங்கி வருவார்கள். இவள் மட்டும் சேலை மடிப்பு கலையாமல் இறங்குவாள். அது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? அவள் மெதுவாகப் பேசினால் நாலு பேர் கேட்பார்கள். நான் கத்தினால் நாலு பேர் காதைப் பொத்துவார்கள். அவள் அறுத்த தவளை உயிரோடு எழுந்து போய்விடும் போலப் படுத்திருக்கும். நான் அறுத்தது லாரியில் அடிபட்டது போல இருக்கும். என் அம்மாவிடம் இதையெல்லாம் புலம்பினால், குசினியிலிருந்து தலையை நீட்டிச் சொல்வாள்: "ஏளா, உன் கண்ணு கொள்ளிக்கண்ணுளா. நீ பாத்த மொட்டு பூக்காது. அந்தப் புள்ளயப் பாத்துப் பாத்து என்னத்துக்கு வயிறெரியுத?" பெற்றவளே இப்படிச் சொன்னால் என்ன செய்ய?

இப்படி இருக்கையில்தான் ரத்தம் வந்தது.

முத்துக்குளிப்பு நின்றுபோய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் சங்குகுளி நடந்தது. சங்கு எடுக்க முங்குகிறவர்கள் கடலடிப் பாறைப் பாரில் கையையும் காலையும் கிழித்துக்கொண்டு வருவார்கள். தண்ணீரில் ஊறின காயம் லேசில் நிற்காது. தோணித் தளத்தில் ரத்தம் ஒழுகிக்கொண்டே கரைக்கு வருவார்கள். பேராசிரியர் ஒருநாள் கடற்கரையில் இதைப் பார்த்துவிட்டார். ரத்தத்தை நிறுத்தும் என்று ஊரில் சொல்லுகிற இலை, பட்டை, செடிப்பால் எல்லாவற்றையும் வரிசையாகச் சோதித்துப் பார்த்துவிடுவது என்று கிளம்பினார். இரண்டு டெமான்ஸ்ட்ரேட்டர்களும் அவருக்குக் கை. இதில் நன்றாகச் செய்கிற ஒருத்தியை மெட்ராஸில் ரத்தத்தைப் பற்றி ஆராய்ச்சி நடத்துகிற ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்புவதாகவும் சொன்னார். உதவித்தொகை உண்டு, தங்க இடம் உண்டு, பெயருக்கு முன்னால் போட ஒரு பட்டம் உண்டு. இடம் ஒன்றுதான். எனக்கு அப்போது இரண்டு ஊர்களில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸ் ரயில் ஏறினால் தப்பினேன். ஏறாவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தவளைதான்.

சோதனை பெரிய வித்தை இல்லை. கண்ணாடி ஸ்லைடில் ஒரு சொட்டு ரத்தம், பக்கத்தில் ஒரு சொட்டுச் சாறு. இரண்டையும் கலந்துவிட்டு, ஊசி முனையால் ரத்தத்தை இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். முதலில் ஊசியில் ஒன்றும் வராது. உறையத் தொடங்கியதும், ஊசியோடு சேர்ந்து மெல்லிய நூல் ஒன்று எழும்பும். அந்த நொடியில் ஸ்டாப் வாட்சை அமுக்க வேண்டும். சாறு கலக்காத ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது, கலந்தது எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்பதுதான் கணக்கு. ரத்தத்துக்கு எங்கே போவது? எங்கள் விரல்தான் இருந்தது. இடதுகை மோதிர விரலில் குத்தி எடுப்போம். அங்கேதான் எனக்கு முதல் அடி. என் ரத்தம் சாறு படுவதற்கு முன்னாலேயே நூல் விட்டது. அவள் ரத்தமோ என்றைக்குக் குத்தினாலும் ஒரே நிதானம். காலையில் குத்தினாலும் மத்தியானம் குத்தினாலும் ஒரே நேரம். "இதுதாம்மா ஸ்டாண்டர்டு" என்று பேராசிரியர் மேசையைத் தட்டினார். ஆக, உலகத்தில் எவளும் எவளைப் பார்த்தும் பொறாமைப்படாத ஒன்றைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். அவளுடைய ரத்தத்தைப் பார்த்து.

விரலில் குத்திக் குத்தி விரல் சல்லடை ஆனபிறகு ஆட்டு ரத்தம் வந்தது. காலையில் ஆடு அறுக்கிற இடத்தில் பாட்டிலைக் கொடுத்துவிட்டால் பிடித்துக் கொடுப்பார்கள். ஆட்டு ரத்தம் லேப் வந்து சேருவதற்குள் கட்டிப்போகும் என்பதால் பாட்டிலில் முன்கூட்டியே சிட்ரேட் உப்பைப் போட்டு வைப்போம். சிட்ரேட் விழுந்த ரத்தம் நாள் முழுக்க உறையாமல் தண்ணீராகவே கிடக்கும். பேராசிரியர் ஒரு கணக்குப் போட்டார். உறையவே மாட்டேன் என்று கிடக்கிற இந்த ரத்தத்தை ஒரு இலை உறைய வைத்துவிட்டால், அதுதான் இலை.

நான் விடவில்லை. எங்கள் கடற்கரையில் பருத்தி வலை இற்றுப்போகாமல் இருக்கப் பட்டைச் சாயத்தில் போட்டுக் காய்ச்சுவார்கள். கையில் முள் கிழித்தால் அந்தச் சாயத்திலேயே கையை முக்கி எடுப்பார்கள். அந்தப் பட்டையைக் கொண்டுவந்து இடித்து, காய்ச்சி, வடிகட்டிக் கொடுத்தேன். ஆட்டு ரத்தத்தில் ஒரு சொட்டு விழுந்ததும் சட்டென்று கருத்துத் திப்பிதிப்பியாகத் திரண்டது. நான் துள்ளினேன். பேராசிரியர் ஊசியை விட்டு இழுத்தார். நூல் வரவில்லை. "இது உறையலம்மா. நீ ரத்தத்தைத் தோல் மாதிரிப் பதம் போட்டுட்ட" என்றார். அவள் முகம் துடைக்கிற லேஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மரியாதைக்காகத் திரும்பினாளாம். எனக்கென்ன கண் இல்லையா?

அடுத்து அவள் கொண்டுவந்தது வெட்டுக்காயப் பூண்டு. வரப்பு, வாய்க்கால், ரோட்டோரம் எங்கே பார்த்தாலும் கிடக்கிற செடி. நடுவில் மஞ்சளும் சுற்றி வெளுத்த இதழுமாகப் பூக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட முழங்காலில் அடிபட்டால் கசக்கி வைக்கிற சாதாரண இலை. எங்கள் ஊர் உப்பு மண்ணில் அது சோனியாகத்தான் முளைக்கும். அவர்கள் பனைவிளைக் கிணற்றடியில் தளதளவென்று வளர்ந்து கிடக்குமாம். இலையாகப் பறித்து பஸ்ஸில் கொண்டுவந்தால் வெந்து கருத்துவிடுகிறது என்று, வீட்டிலேயே அரைத்துப் பிழிந்து, சாறாக ஒரு பாட்டிலில் கொண்டுவந்தாள். ஒரு சொட்டு விட்டோம். கொஞ்ச நேரம் ஊசியில் ஒன்றுமில்லை. பிறகு, சேசுவே, எழும்பியது பாருங்கள் ஒரு நூல்! நீளமாக, சிவப்பாக, அறுந்துபோகாமல். உறையவே உறையாத ஆட்டு ரத்தம் ஸ்லைடில் கட்டியாக உட்கார்ந்துவிட்டது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்த மாதிரி என்னை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. நானும் அதே செடியைத் தேடித் தேடிப் பறித்தேன். லேபிலேயே கண்ணாடி உரலில் அரைத்தேன். அதே ஆட்டு ரத்தம், அதே ஊசி. ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் அவள் வீட்டுச் செடியையே வேரோடு வாங்கிவந்து அரைத்தேன். அப்போதும் ரத்தம் தண்ணீராகத்தான் ஓடியது. பேராசிரியர் எம்.எஸ்சி. படித்தவர், அறிவியல் பேசுகிறவர். அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை என்ன தெரியுமா? "கைராசிம்மா."

கைராசி! பொங்கல் வைக்கவும் நெல் அளக்கவும் சொல்லுகிற வார்த்தையை லேபுக்குள் கொண்டுவந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் என் விரலிலேயே குத்தி, சிட்ரேட் கலக்காத பச்சை ரத்தத்தில் அவள் சாற்றை விட்டுக் காட்டினேன். "பாருங்க சார், இதுல ஒரு வித்தியாசமும் இல்ல. சாறு இல்லாமலும் இதே நேரம்தான், சாறு விட்டாலும் இதே நேரம்தான். இந்த இலையில ஒண்ணுமில்ல சார்." அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "உன் ரத்தத்தை வச்சு எதையும் சொல்ல முடியாதும்மா. அது தானாவே உறையுற கட்சி." நான் சொன்னது சரி. சொன்னவள் ரத்தம்தான் சரியில்லை என்று தீர்ப்பாகிவிட்டது.

அவளோ என் தோளில் கையைப் போட்டு, "விடுளா, நாளைக்கு நான் கொண்டாற சாறை நீயே ஊசி போட்டுப் பாரு" என்றாள். ஆறுதலாம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறவர்கள் எல்லாரும் வேலோடுதான் வருவார்கள் என்பதில்லை.

பேராசிரியர் மெட்ராஸுக்கு எழுதிப் போட்டார். டாக்டரம்மா தானே வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது. பேராசிரியர் தன் கடிதத்தில் அவள் பெயரைத்தான் முதலில் எழுதியிருந்தார், என் பெயர் அதற்கடுத்தது. இதை மறைக்கவும் இல்லை. துறை முழுக்க அவளுக்கு வாழ்த்துச் சொன்னார்கள். நானும் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன், தாடை வலித்தது.

டாக்டரம்மா வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குலசாமிக்குக் கொடைத் திருவிழா. சித்திரை மாதம். "நீ கட்டாயம் வரணும்ளா, எங்கம்மா உன்னப் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மாதா கோயிலில் காலைப் பூசையை முடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். அவள் வீடு எப்படி இருக்கிறது, அம்மா எப்படி இருக்கிறாள், குறை ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கத்தான் போனேன். ஒரு குறையும் கிடைக்கவில்லை. அவள் அம்மா என்னைப் பார்த்ததும், "வா தாயி, வா. உன்னப் பத்தித்தான் எம்மவ எப்பவும் பேசுதா" என்று கன்னத்தைத் தடவினாள். வெயிலில் வந்தவளுக்கு என்று பனையோலையைக் குடிக்கிற பட்டையாக மடித்துக் கையில் கொடுத்து, கலயத்திலிருந்து பதநீர் ஊற்றினாள். நான் ஒரே மடக்காகக் குடித்துக்கொண்டு போக, அவள் அம்மா பதறினாள்.

"அடி மண்டியக் குடிச்சிராத தாயி. சுண்ணாம்புல்லா, வாய் வெந்துபோவும்."

பதநீர் கள்ளாகப் புளித்துவிடாமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி மரத்தில் கட்டுவார்கள் என்பது யாருக்குத்தான் தெரியாது? எனக்கும் தெரியும். அதனால் மண்டியைக் கீழே ஊற்றிவிட்டு, பட்டையை எங்கே போடலாம் என்று திரும்பினேன். சுவரோரம் இன்னொரு கலயம் இருந்தது. வாயைத் துணியால் கட்டியிருந்தார்கள். துணியில் பச்சைக் கறை.

"அது என்னளா?" என்றேன்.

"நம்ம லேப் சாறுதான். காலையில அரைச்சு அதுல ஊத்தி வச்சிருவேன். கலயத்துல வச்சா எதுவும் புளிக்காதுல்லா. நாளைக்குப் பாட்டில்ல மாத்திக் கொண்டாருவேன்" என்றாள். சொல்லிவிட்டு எனக்கு முறுக்கு எடுத்துவர உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கு அது வெறும் கலயம். பிறந்ததிலிருந்து பார்த்த கலயம். பானைக்குள் பானையைத் தவிர வேறு ஒன்று இருக்கிறது என்று பனங்காட்டில் யாரும் நினைப்பதில்லை. நான் துணியை விலக்கி உள்ளே விரலை விட்டுத் தடவினேன். விரல் நுனியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. சிட்ரேட் ஏன் ரத்தத்தை உறையாமல் வைக்கிறது? ரத்தத்தில் இருக்கிற சுண்ணாம்புச்சத்தை அது கட்டிப்போட்டுவிடுகிறது, அவ்வளவுதான். மறுபடி சுண்ணாம்பைக் கொடுத்தால் ரத்தம் உறையாமல் என்ன செய்யும்? இதை நாங்கள் இரண்டு பேருமே பரீட்சையில் எழுதிப் பாஸ் ஆனவர்கள். இலையாவது, கைராசியாவது! கலயம் செய்த வேலை.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா கூடையைத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை யாரும் வருமுன் லேபைத் திறந்தேன். வெற்றிலைக் கடையில் வாங்கிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, ஒரு சொட்டு ஆட்டு ரத்தத்தில் விட்டேன். இலை இல்லை, பச்சை இல்லை, வெறும் சுண்ணாம்புத் தெளிவு. ஊசியால் இழுத்துக்கொண்டே இருந்தேன். நூல் எழும்பியது. என் வாழ்நாளில் அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. சங்கு ஊதலாம் போல இருந்தது.

இப்போது யாரிடம் சொல்வது? பேராசிரியரிடம் சொன்னால் "உனக்குப் பொறாமைம்மா" என்பார். துறை முழுக்கத் தெரிந்த விஷயம்தானே அது. அதோடு, மெட்ராஸுக்குக் கொட்டு முழக்கோடு எழுதிவிட்டவர், லேசில் ஒத்துக்கொள்ளவும் மாட்டார். டாக்டரம்மா முன்னால் எழுந்து நின்று போட்டு உடைத்தால் கோள்மூட்டி என்று எனக்குத்தான் பெயர் வரும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டேன். அவளிடமே சொல்லிவிடுவது. சொன்னால் என்ன செய்வாள்? வெட்கத்தில் கூனிக்குறுகுவாள். மறுநாள் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொள்வாள். நானாக இருந்தால் அப்படித்தான் படுத்திருப்பேன். வந்த டாக்டரம்மா அடுத்த பெயரைப் பார்ப்பார். அவள் முகம் போகிற போக்கை என் கண்ணால் பார்க்கவும் செய்யலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

டாக்டரம்மா வருவதற்கு முந்தின நாள் மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், அவளை மேசைக்குக் கூப்பிட்டு ஸ்லைடை வைத்துச் செய்து காட்டினேன். வெறும் சுண்ணாம்புத் தெளிவு. நூல் எழும்பியது. "உங்க வீட்டுக் கலயம்ளா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் சொல்லத் தேவை இருக்கவில்லை.

அவள் முகம் வெளுத்தது. ஆசைப்பட்டது போலவே நன்றாக வெளுத்தது. ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு என் கையை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நல்லவேள சொன்னளா, நல்லவேள" என்றாள். அவ்வளவுதான், நாளைக்குக் காய்ச்சல் நிச்சயம் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு வீட்டில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மறுநாள் அவள் எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டாள். அதே சேலை மடிப்பு. டாக்டரம்மா வந்தார். குட்டை முடி, ஆண்பிள்ளை வாட்ச், வெற்றுக் கழுத்து. அந்த அம்மாளைப் பார்த்ததும் எனக்கு அவரைப் போலவே ஆகிவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பேராசிரியர் தொண்டையைச் செருமி இலையின் மகிமையைச் சொல்லத் தொடங்கினார். அவள் எழுந்து, "சார், ஒரு நிமிசம்" என்றாள். மேசையில் ஸ்லைடுகளை வரிசையாக வைத்தாள். கலயத்துச் சாறு. கண்ணாடி உரலில் அரைத்த சாறு. வெறும் சுண்ணாம்புத் தெளிவு. வெறும் தண்ணீர். ஒவ்வொன்றிலும் ஊசி போட்டுக் காட்டினாள். சுண்ணாம்பு இருந்த இரண்டில் நூல் எழும்பியது. மற்ற இரண்டில் எழும்பவில்லை.

"இதுல இலை ஒண்ணும் செய்யல டாக்டர். எங்க வீட்டுப் பதநீர்க் கலயத்துல சாறை வச்சிருந்தேன். அதுல உள்ள சுண்ணாம்புதான் வேலை செஞ்சிருக்கு. தப்பு என்னோடது" என்றாள். பேராசிரியர் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி நின்றார்.

டாக்டரம்மா கைப்பையை மேசையில் வைத்துவிட்டு முதல்முறையாக உட்கார்ந்தார்.

"சிட்ரேட் ரத்தம் உறையுதுன்னு நீங்க எழுதினதைப் படிச்சதுமே எனக்குத் தெரியும், எங்கேயோ சுண்ணாம்புச்சத்து கலந்திருக்குன்னு. எங்கேயிருந்துன்னு பார்க்கத்தான் நேரில் வந்தேன்" என்றார். "இந்தப் பொண்ணு இன்னைக்கு அதை இலைன்னு காட்டியிருந்தா, இவ பேரை அடிச்சிட்டு அடுத்த பேரைப் பார்த்திருப்பேன்."

அடுத்த பேர். எனக்குக் காதுக்குள் கடல் இரைந்தது. ஒருநாள். ஒரே ஒருநாள் நான் வாயைப் பொத்திக்கொண்டு சும்மா இருந்திருந்தால் போதும்! கொக்குக்குக் கிடைத்தது போல மீன் தானாக வாய்க்கு வந்திருக்கும். வெண்ணெய் திரண்டு வரும்போது நானே உலக்கையை எடுத்துத் தாழியை உடைத்திருக்கிறேன்.

அதோடாவது விட்டாளா? என்னைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இதக் கண்டுபிடிச்சது நான் இல்ல டாக்டர். இவதான்."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன், வந்தது. எனக்கு உயிர் திரும்பியது.

"அப்படியா? கண்டுபிடிச்சதும் ஏன் உங்க புரொஃபசர்கிட்ட சொல்லல?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லட்டும்? இவள் காய்ச்சலில் படுத்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன் என்றா? எனக்காக அவளே பதில் சொன்னாள்.

"எம்மேல உள்ள பாசம் டாக்டர். என்னைக் காட்டிக்குடுக்க இவளுக்கு மனசு வரல."

டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்த வெளிச்சம் அணைந்துபோனதை நான் பார்த்தேன்.

"பாசம் நல்லதுதான்மா," என்றார், "லேபுக்கு ஆகாது."

என்னிடம் இல்லாத ஒன்றுக்காக என்னைக் கழித்துவிட்டார்கள். இருந்ததைச் சொல்லியாவது கழித்திருக்கலாம். தப்பை மறைக்காமல் முன்னால் வந்து நிற்கிற பெண்தான் தனக்கு வேண்டும் என்று அங்கேயே அவளை எடுத்துக்கொண்டார். பேராசிரியருக்கும் மானம் தப்பிய மகிழ்ச்சி. எல்லாருக்கும் டீ வந்தது. என் டம்ளரை அவளே எடுத்துவந்து கொடுத்தாள்.

வீட்டில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். முழுதாகச் சொன்னேன், ஆத்திரத்தில் ஒன்றையும் விடவில்லை. அவள் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "தவள தன் வாயால கெடும்ளா" என்றாள். அடுத்த மீனை எடுத்தாள். திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அவள் மெட்ராஸ் போகிற அன்றைக்கு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். போகாமல் இருந்தால் ஊர் பேசும். சாயர்புரத்திலிருந்து சொந்தபந்தமெல்லாம் வந்திருந்தார்கள். கருப்பட்டிப் பெட்டி, முறுக்கு டின், புது டிரங்குப் பெட்டி. ரயில் நிற்கிற தைரியத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவள் என்னைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கட்டிக்கொண்டாள். அழுதாள். என் தோள் நனைந்தது. நான் அவள் சேலை மடிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதும் கலையவில்லை.

ரயில் கிளம்பி, கை காட்டி முடிந்து, கூட்டம் கலையும்போது அவள் அம்மா என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எம்மவ எல்லாஞ் சொன்னா தாயி. நீ மட்டும் சொல்லலன்னா எம்புள்ள அங்கன நாலு பேருக்கு முன்னால அசிங்கப்பட்டு நின்னிருப்பாளாம். கூடப்பிறந்தவ செய்வாளா இத? இந்தக் காலத்துல இப்பிடி ஒரு மனசா? ஊரு கண்ணு பொல்லாததுல்லா. என் ராசாத்திக்கு எந்தக் கண்ணும் பட்டுரக் கூடாது."

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் என் முகத்தை மேலிருந்து கீழாக வழித்தாள். வழித்த விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினாள். திருஷ்டி கழித்தாள். எனக்கு! பத்து விரலிலும் நெட்டி முறிந்தது.